14ஆம் தேதி மதுக்கடை திறக்கிறது. குடியை நிறுத்தி வைத்திருப்பவர்கள் அடுத்த மாதத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

காரிமங்கலம்_வாத்தியார்
12 ஜூன் 2021, காலை 7.40

நேற்று அறிவிப்பு வந்துவிட்டது. கொரோனா ஊரடங்கு 21ஆம் தேதி வரை நீடிக்கும். ஆனால் தொற்று குறைந்த 27 மாவட்டங்களில் திங்கட்கிழமை முதல் டாஸ்மாக் கடைகள் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மே 10இல் மூடியது, ஒரு மாதம் தாண்டிவிட்டது.

திறப்பது சரியா தவறா என்று பேச வேறு இழைகள் இருக்கின்றன, இங்கே அது வேண்டாம். என் தம்பி இந்த ஒரு மாதமாகக் குடிக்கவில்லை. கிடைக்கவில்லை, அதனால் குடிக்கவில்லை. முகம் தெளிந்திருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறான், அம்மாவிடம் உட்கார்ந்து பேசுகிறான். ஆனால் "அடுத்த மாதம் என்னடா செய்யப் போகிறாய்" என்று கேட்டால் "பார்க்கலாம்ணா" என்பதைத் தாண்டி ஒரு சொல் வரமாட்டேன் என்கிறது. வேலையைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில், கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில்.

ஊரடங்கில் நாம் எல்லோருமே கொஞ்சம் அப்படி ஆகிவிட்டோம் என்பது உண்மைதான். போன வருஷம் முதலில் 21 நாள் என்றார்கள், அப்புறம் மே 3, அப்புறம் மே 17, அப்புறம் மே 31. என்னிடம் படிக்கும் பிள்ளைகள் பரீட்சை உண்டா இல்லையா என்று தெரியாமலே ஒரு வருஷத்தை ஓட்டினார்கள். ஆனால் தம்பியிடம் இருப்பது தொற்றுக்காலம் எல்லோருக்கும் கொடுத்ததா, குடி அவனுக்கு மட்டும் கொடுத்ததா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

குடித்தவர்கள், குடிப்பவரோடு வாழ்கிறவர்கள், மருத்துவம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அறிவுரையை விட, நீங்கள் கண்ணால் பார்த்தது எனக்கு உதவும்.

தொப்பூர்_வண்டிக்காரன்
12 ஜூன், காலை 8.15

சேலத்தில் திறக்கவில்லை சார். திங்கட்கிழமை அந்தப் பக்கத்துக் கூட்டமும் கணவாய் ஏறி இங்கேதான் வரும். அன்றைக்குத் தம்பியைக் கடைப் பக்கம் போகிற எந்த வேலைக்கும் அனுப்பாதீர்கள்.

பென்னாகரம்_மருமகள்
12 ஜூன், காலை 10.05

சார், என் வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்தவர். போன வருஷம் மார்ச்சில் எல்லாம் மூடியதும் ஊருக்கு வந்துவிட்டார். இரண்டாம் நாளே கை நடுக்கம், வேர்வை. மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று துடைத்துக்கொண்டே இருந்தார். நாங்கள் காத்து கருப்பு என்று நினைத்தோம். பக்கத்து வீட்டுப் பையன்தான் 108க்குப் போன் போட்டான். பிழைத்தார்.

அதற்கப்புறம் ஏப்ரல் மாதம் முழுக்க எனக்கு வேறு ஒரு மனிதர் கிடைத்தார். மகளிர் குழுவில் கடன் வாங்கி இரண்டு ஆடு வாங்கினோம். தினம் காலையில் அவரேதான் தழை ஒடித்துப் போடுவார். ஒருநாள், "இது ரெண்டும் குட்டி போட்டா தீபாவளிக்கு இத்தனை ரூபா நிக்கும், பொங்கலுக்கு இத்தனை" என்று கணக்குப் போட்டார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் ஆறு மாதம் தள்ளி இருக்கிற ஒரு நாளைப் பற்றி அவர் வாயில் அன்றைக்குத்தான் கேட்டேன்.

மே 7ஆம் தேதி கடை திறந்தார்கள். 50 வயசு தாண்டினவர்களுக்கு 10 முதல் 1 மணி, 40 முதல் 50க்கு 1 முதல் 3, அதற்குக் கீழே 3 முதல் 5 என்று நேரம் பிரித்திருந்தார்கள். ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு 1 மணி வரிசையில் போய் நின்றார். மறுநாளே கோர்ட் மூடச் சொன்னது, ஒரு வாரத்தில் திரும்பத் திறந்தது. ஆடு இரண்டும் ஆடி மாதத்துக்குள் போய்விட்டன.

உங்கள் கேள்விக்கு நான் பார்த்தது ஒன்று இருக்கிறது. இவர்களுக்கு நாளையைப் பற்றி நினைக்கத் தெரியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரருக்குத் தெரியும். நினைத்தால் அங்கே கடன் நிற்கிறது, மகள் பள்ளிக்கூட ஃபீஸ் நிற்கிறது, அவர் அப்பா கல்லீரல் கெட்டுச் செத்தது நிற்கிறது. அதைப் பார்க்க முடியாமல்தான் கடைக்குப் போகிறார். தெரியாமல் போகவில்லை.

மனநலப்பிரிவு_செவிலி
12 ஜூன், பகல் 1.30

நான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம்.

முதலில் அக்கா எழுதிய எறும்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது காத்தும் இல்லை, கருப்பும் இல்லை. பல வருஷம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாதது தெரியும், நேரம் இடம் குழம்பும், காய்ச்சல் ஏறும். உயிர் போகக்கூடிய நிலை அது. தூக்க வகை மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம். போன வருஷம் கேரளாவில் இதனால்தான் டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசே உத்தரவு போட்டது, ஏப்ரல் 2ஆம் தேதி அங்கே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. மது மருந்தாகாது. மருந்து மருத்துவமனையில் இருக்கிறது, வருகிறவர்தான் குறைவு. 2019இல் வந்த மத்திய அரசின் கணக்கெடுப்பு, குடிநோய் உள்ள 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்கிறது.

இப்போது வாத்தியார் சார் கேட்டது. 1998இல் அமெரிக்காவில் பெட்ரி, பிக்கல் ஆகியோர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒருவன் தூங்கி எழுந்து தன் எதிர்காலத்தைப் பற்றி நினைக்கத் தொடங்கினான் என்று கதையை ஆரம்பித்துக் கொடுத்து, மீதியை எழுதச் சொன்னார்கள். போதைப் பழக்கம் இல்லாதவர்கள் எழுதிய கதை சராசரியாக 4.7 வருஷம் முன்னே போனது. ஹெராயின் பழக்கத்தில் இருந்தவர்கள் எழுதிய கதை 9 நாள் போனது.

நான் இதைப் படித்தபோது ஓபியில் உட்காருகிறவர்களின் முகம்தான் நினைவுக்கு வந்தது. இப்போதே கொஞ்சம் பணம் வேண்டுமா, சில மாதம் கழித்து நிறைய வேண்டுமா என்று கேட்டாலும் இவர்களில் பலர் இப்போதையதைத்தான் எடுப்பார்கள். மது, சிகரெட், கொக்கைன் என எல்லாப் பழக்கத்திலும் இது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது.

ஆனால் சார், இன்னொன்றையும் பிக்கலும் அவரோடு இருந்தவர்களும் பார்த்தார்கள். சாதாரண ஆட்களிடம் "உங்கள் வருமானம் திடீரென்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு கதையைப் படிக்கச் சொன்னாலே போதும், அவர்களும் உடனே கிடைக்கும் சின்னத் தொகையின் பக்கம் சாய்கிறார்கள். கதையைப் படித்ததற்கே அப்படி. நம் மாவட்டங்களில் அது கதையாக வரவில்லை. பெங்களூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்தார்களே, அவர்கள் அத்தனை பேர் வீட்டிலும் நடந்தது. அதனால் தொற்றா குடியா என்று பிரிக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். உங்கள் தம்பிக்கு இரண்டும் ஒரே இடத்தில் இடித்திருக்கிறது.

மாந்தோப்பு
12 ஜூன், மாலை 4.20

> ஹெராயின் பழக்கத்தில் இருந்தவர்கள் எழுதிய கதை 9 நாள் போனது.

சிஸ்டர், இதை நான் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. நான் காவேரிப்பட்டணம் பக்கம். எங்கள் ஊரில் மாந்தோப்பு குத்தகை எடுக்கிறவர்களில் பாதிப் பேர் ராத்திரி குடிக்காமல் தூங்கமாட்டார்கள். அதே ஆள்தான் மரம் பூ விடும் முன்னாலேயே கைக்காசைப் போட்டு இரண்டு வருஷக் குத்தகை பேசுகிறான். எந்த வருஷம் பெங்களூரா ரக மாங்காய்க் காய்ப்புக் குறையும், மாங்கூழ் ஃபேக்டரிக்காரன் எவ்வளவுக்கு எடுப்பான், மருந்து எத்தனை முறை அடிக்க வேண்டும், எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பான். போன வருஷம் காய் இறங்குகிற நேரத்தில் ஆளும் கிடைக்காமல் வண்டியும் கிடைக்காமல் நஷ்டப்பட்டவன், இந்த வருஷமும் குத்தகை எடுத்திருக்கிறான். இரண்டு வருஷம் தள்ளி யோசிக்கத் தெரிந்தவன் இல்லையா அவன்? ஆனால் அவன் வயிறு வீங்கியிருக்கிறது. டாக்டரிடம் போ என்றால் சீசன் முடியட்டும் என்பான்.

மரத்துக்கு எதிர்காலம் இருக்கிறது. தனக்கு இருக்கும் என்ற நம்பிக்கைதான் இல்லை. அக்கா சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மனநலப்பிரிவு_செவிலி
12 ஜூன், மாலை 5.10

நல்ல கேள்வி அண்ணா. நீங்கள் சொல்வது ஆய்வுக்கு எதிராகப் போகவில்லை. 9 நாள் என்பது ஒரு குழுவின் சராசரி, ஒவ்வொரு ஆளின் அளவும் இல்லை. வியாபாரத்தில் தொலைவில் பார்க்கத் தெரிந்தவர் தன் உடம்பு விஷயத்தில் மட்டும் இன்றைக்குள் நின்றுவிடுவதை நாங்களும் பார்க்கிறோம். எந்த எதிர்காலம், யாருடைய எதிர்காலம் என்று கேட்க வேண்டும் என்பதில் உங்களோடும் அக்காவோடும் நிற்கிறேன்.

சிப்காட்_2ஷிஃப்ட்
12 ஜூன், இரவு 9.45

குடியைப் பற்றிப் பேசுகிற இடத்தில் இதை எழுதலாமா தெரியவில்லை. எனக்குக் குடி இல்லை, ரம்மி. ஓசூரில் கான்ட்ராக்ட் வேலை. போன வருஷம் ஷிஃப்டைக் குறைத்ததும் ரூமில் படுத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தேன். நவம்பரில் அரசு தடை போட்டது, ஆனால் போனில் வேறு வேறு பெயரில் வந்துகொண்டேதான் இருந்தது.

செவிலி அக்கா சொன்ன 9 நாளைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது. கடன் ஆப்பில் வாங்கினேன். 7 நாளில் கட்ட வேண்டும். ஒன்றைக் கட்ட இன்னொன்றில் எடுத்தேன். அந்த மாதங்களில் என் காலண்டரில் 7 நாளுக்கு மேல் எதுவுமே இல்லை. அம்மா போன் செய்து ஊர்த் திருவிழா இந்த வருஷமாவது நடக்குமா என்று பேசினால் எரிச்சல் வரும். ஏதோ வேற்று நாட்டுச் செய்தி மாதிரி இருக்கும்.

இன்னொன்று. ஆடும்போது எதிர்காலத்தைப் பற்றி நினைக்காமல் இல்லை. இன்னும் ஒரே ஆட்டம், அதில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் கடனை அடைத்துவிட்டு நாளையிலிருந்து ஒழுங்காக இருக்கலாம் என்று தெளிவாக நினைத்தேன். அந்த "நாளையிலிருந்து" தான் என்னை ஆட வைத்தது. ஆகவே எதிர்காலத்தை நினைத்தால் திருந்திவிடுவார்கள் என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிடாதீர்கள்.

சித்தேரி_அடிவாரம்
12 ஜூன், இரவு 10.30

எல்லாம் மனசுதான். சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடாமல் இருக்கிறார்களா இல்லையா? கோயிலில் கயிறு கட்டிவிட்டால் ஆறு மாதம் தொடாமல் இருக்கிறார்களா இல்லையா? எந்த ஆய்வும் வேண்டாம், பயம் இருந்தால் போதும்.

நெறியாளர்
13 ஜூன், காலை 6.00

கள்ளச்சாராய ஊறல் போடும் முறையை விளக்கி எழுதப்பட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. சானிடைசர், வார்னிஷ், தின்னர் பற்றிய "மாற்று" யோசனைகளுக்கும் இங்கே இடமில்லை. போன ஜூலை கடைசியில் ஆந்திராவில் குரிச்சேடு என்ற ஊரில் மதுக்கடை மூடியிருந்தபோது சானிடைசர் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இன்றைக்கு_மட்டும்
13 ஜூன், காலை 8.50

கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். நான் ஒரு குடிநோயாளி. எத்தனை வருஷமாகக் குடிக்கவில்லை என்பதைச் சொல்லிப் பெருமைப்பட விரும்பவில்லை. குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றுகூடிப் பேசுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போகிறேன். போன வருஷம் கூட்டம் கூட முடியாமல் போனபோது எல்லாம் ஜூமுக்கு மாறியது. ராயக்கோட்டையில் தக்காளி மண்டியில் நிற்கிற ஒருவரும் துபாயில் இருக்கிற ஒருவரும் ஒரே கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு உயிர் கொடுத்த மாதங்கள் அவை.

சித்தேரி அண்ணா சொன்ன மாலையை நானும் போட்டவன்தான். ஒரு மண்டலம் சுத்தமாக இருந்திருக்கிறேன். எப்படி முடிந்தது தெரியுமா? கழற்றுகிற தேதி தெரியும், அதனால். இருமுடி கட்டும்போதே திரும்பி வந்து எங்கே உட்கார்ந்து குடிப்பது என்று நண்பர்களோடு பேசி வைத்திருப்போம். விரதத்தைக் குறை சொல்லவில்லை. அந்த ஐயப்பன் மேல் இன்றைக்கும் எனக்குப் பக்தி உண்டு. ஆனால் என்னுடைய எதிர்காலம் மாலையைக் கழற்றுகிற நாளோடு முடிந்துவிடும். இப்போது கடை மூடியிருக்கிற காலமும் பலருக்கு அப்படித்தான். அவர்கள் குடியை விட்டிருக்கவில்லை, 14ஆம் தேதிக்குக் காத்திருக்கிறார்கள்.

போன வருஷம் ஒரு பயங்கரம் நடந்தது. தேதி தள்ளிக்கொண்டே போனது. ஏப்ரல் 14 என்று மனசைப் பிடித்து வைத்திருந்தவர்கள் மே 3 என்றதும் நொறுங்கிப் போனார்கள். கிருஷ்ணகிரி மே தொடக்கம் வரை பச்சை மண்டலமாக இருந்ததே, நோய் இங்கே இல்லை, ஆனாலும் அந்த நொறுங்கல் இங்கே இருந்தது. மே 4ஆம் தேதி கர்நாடகாவில் கடை திறந்ததும் அத்திப்பள்ளிப் பக்கம் காட்டு வழியாக நடந்தே போனவர்களை எனக்குத் தெரியும்.

காரிமங்கலம்_வாத்தியார்
13 ஜூன், காலை 9.30

ஐயா, ஒரு சந்தேகம். உங்கள் கூட்டத்தில் இன்றைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இரு, நாளையைப் பற்றி நினைக்காதே என்று சொல்லித் தருகிறார்கள். செவிலி அம்மா சொல்கிற ஆய்வோ இவர்களுடைய நாளை குறுகிப் போனதுதான் நோய் என்கிறது. அப்படியானால் நோய் எதுவோ அதையே மருந்தாகக் கொடுப்பதாகாதா? தவறாக நினைக்க வேண்டாம், நிஜமாகவே புரியாமல் கேட்கிறேன்.

இன்றைக்கு_மட்டும்
13 ஜூன், காலை 11.15

கேட்டது நல்லது. முதல் நாள் என்னிடம் யாராவது "வாழ்நாள் முழுக்கக் குடிக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தால் அங்கேயே எழுந்து போயிருப்பேன். மகன் கல்யாணத்திலும் குடிக்கக் கூடாதா, அப்பா காரியத்திலும் கூடாதா என்று அத்தனை வருஷமும் ஒரே நேரத்தில் தலையில் இறங்கும். அந்தப் பாரத்தை இறக்கி வைக்கத்தான் இன்றைக்கு மட்டும் என்கிறோம். குடிக்காமல் இருப்பதை மட்டும் இன்றைக்கு என்று வைத்துக்கொள்கிறோம். மற்றதை அப்படி வைத்துக்கொள்வதில்லை. கடன்காரர் பட்டியல் எழுதுகிறோம், யாருக்கு எந்த மாதம் எவ்வளவு என்று தீர்க்கிறோம், யாரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதி வைக்கிறோம். இதெல்லாம் நாளையைப் பற்றியது இல்லாமல் வேறென்ன? எனக்கு முதலில் திரும்பி வந்தது வருஷம் இல்லை, அடுத்த செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை கூட்டம். அதற்கப்புறம் மாதச் சீட்டு. வருஷங்கள் வர ரொம்ப நாள் ஆனது.

சிப்காட் தம்பி, நீங்கள் எழுதியது என்னை ரொம்பத் தொட்டது. "இன்னும் ஒன்று, நாளையிலிருந்து இல்லை" என்று நானும் நாற்பது வயசு வரை சொன்னேன். அந்த நாளைக்குக் கிழமை கிடையாது. கிழமை உள்ள ஒரு நாளைச் சொல்லுங்கள். உங்கள் கடனைப் பற்றி அம்மாவிடம் எந்தக் கிழமை சொல்லப் போகிறீர்கள்?

மனநலப்பிரிவு_செவிலி
13 ஜூன், மதியம் 2.40

ஐயா சொன்னதை ஆராய்ச்சியிலும் பார்த்திருக்கிறார்கள். எதிர்காலத்தை நினை என்று பொதுவாகச் சொல்வதைப் பற்றியது இல்லை அது. தனக்கு நடக்கப்போகிற ஒரு நல்ல விஷயத்தை, எந்த இடம், யார் கூட, என்ன சாப்பாடு, என்ன சத்தம் என்று கண்ணில் தெரிகிற மாதிரி விவரிக்கச் சொன்னால், உடனே கிடைக்கும் சின்னதின் மேல் இருக்கிற அவசரம் குறைகிறது. குடிநோய் உள்ளவர்களிடமும் 2016இல் இதைச் செய்து பார்த்தார்கள், மதுவின் மேல் இருந்த நாட்டமும் குறைந்தது. ஒரே உட்காரலில் குணமாகிவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் "பிள்ளைகளை நினைத்துப் பார், கல்லீரலை நினைத்துப் பார்" என்று வீட்டில் தினம் சொல்கிறோமே, அதுவும் எதிர்காலம்தான், ஆனால் பயமுறுத்துகிற எதிர்காலம். அக்கா முதலிலேயே எழுதிவிட்டார், அதைப் பார்க்க முடியாமல்தான் போகிறார் என்று. அவர் ஆட்டுக் கணக்குப் போட்ட அந்தக் காலையை நினைத்துப் பாருங்கள். யாரும் சொல்லித் தரவில்லை. அவருடைய ஆடு, அவர் போட்ட தழை, அவர் சொன்ன தீபாவளி.

பென்னாகரம்_மருமகள்
13 ஜூன், மாலை 6.20

சிஸ்டர், படித்துவிட்டு அழுதேன். இந்த முறையும் அவர் முழுசாக நிறுத்தவில்லை, யாரோ கர்நாடகா பாக்கெட் கொண்டு வந்து மூன்று மடங்கு விலைக்குக் கொடுக்கிறார்கள், எப்போதாவது வாங்குகிறார். நாளைக்குக் கடை. நாளை மறுநாள் ரேஷன் கடையில் இரண்டாம் தவணை 2000 ரூபாயும் 14 சாமானும் தருகிறார்கள். டோக்கன் கையில் இருக்கிறது. எனக்கு அந்த ஒரு நாள்தான் பயம்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். தெரியாமல் சாப்பாட்டில் கலக்கிற மாத்திரை இருக்கிறது, வாங்கித் தருகிறேன் என்று ஒருத்தர் சொல்கிறார். கலக்கலாமா?

மனநலப்பிரிவு_செவிலி
13 ஜூன், மாலை 6.35

கலக்காதீர்கள் அக்கா. தயவுசெய்து வேண்டாம். அது பெரும்பாலும் டைசல்பிரம் ஆக இருக்கும். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும். உயிரே போகலாம். நல்ல மருந்துதான், ஆனால் குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் எழுதித் தர வேண்டியது.

ரேஷனுக்கு நீங்களே போங்கள். வாங்கின கையோடு குழுத் தவணையைக் கட்டிவிட்டு ரசீதோடு வீட்டுக்கு வாருங்கள். சண்டை வந்தால் பிள்ளையை அழைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் இருங்கள். அடி விழுந்தால் 181க்கு அழையுங்கள். நடுக்கமோ குழப்பமோ வந்தால் 108. பேச ஆள் வேண்டும் என்றால் 104.

சித்தேரி_அடிவாரம்
13 ஜூன், இரவு 8.00

கயிறு கட்டுவதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் கயிறு அவிழ்க்கிற நாளுக்கு அடுத்த நாள் என்ன என்று இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. இனிமேல் கேட்பேன்.

சிப்காட்_2ஷிஃப்ட்
13 ஜூன், இரவு 11.10

புதன்கிழமை. அம்மாவிடம் புதன்கிழமை சொல்கிறேன் ஐயா.

காரிமங்கலம்_வாத்தியார்
15 ஜூன், காலை 6.50

தம்பி நேற்று 4 மணிக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. ராத்திரி அவனே வந்து, ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றான். அவன் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் (காயில்) கட்டுகிறவன். பக்கத்துத் தோட்டத்து மோட்டாரை வெள்ளிக்கிழமைக்குள் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான், அதற்குள் கை நடுக்கம் நிற்குமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டுமாம். பஸ் ஓடவில்லை, என் வண்டியிலேயே தருமபுரி மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போகிறேன். என்ன எடுத்து வர வேண்டும்?

மனநலப்பிரிவு_செவிலி
15 ஜூன், காலை 7.05

ஆதார், முன்பு பார்த்த சீட்டுகள், இப்போது சாப்பிடுகிற மாத்திரை ஏதாவது இருந்தால் அட்டையோடு. கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். முன்பு வலிப்போ மஞ்சள் காமாலையோ வந்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். ஓபி காலையில்தான், சீக்கிரம் கிளம்புங்கள். டாக்டர் தம்பியிடம் தனியாகப் பேச நினைத்தால் நீங்கள் வெளியே இருங்கள் சார். மோட்டார் விஷயத்தை அவரே சொல்லட்டும். நடுக்கம் எப்போது நிற்கும் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், மாஸ்க் இரண்டு பேரும் போட்டுக்கொள்ளுங்கள்.